அவுரித் தோட்டத்துத் துரைசாணி

(மாதர் சங்கப் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவில் நம் தங்கை ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். மகளிர் தினத்தன்று மண்டபச் சுவரில் எழுதுவதற்காக உலகப் பெண்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரித்துக் கொண்டிருக்கிறோம் அல்லவா? அதில் எலைசா லூக்காஸ் பிங்க்னி என்ற அமெரிக்கப் பெண்ணின் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். "பதினாறு வயதில் மூன்று தோட்டங்களை நிர்வாகம் செய்திருக்கிறாள். ஒரு நாட்டுக்கே புதிய தொழிலைக் கொடுத்திருக்கிறாள். ஆண்கள் ஆண்ட காலத்தில் இவ்வளவு சாதித்தவளை நாம் விடலாமா அக்கா?" என்றாள்.

அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். கேள்வி அவ்வளவு சின்னதல்ல. பெண் முன்னேற்றம் என்று நாம் எதைச் சொல்கிறோம், யாருடைய முன்னேற்றத்தைச் சொல்கிறோம் என்ற பெரிய விஷயம் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே இன்று அந்த அம்மாளின் வாழ்க்கையை முழுக்கப் பார்ப்போம். பார்த்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மூன்று தோட்டங்களும் ஒரு பெண்ணும்

எலைசா 1722ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஆன்டிகுவாவில் பிறந்தாள். தகப்பனார் ஜார்ஜ் லூக்காஸ் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. கரும்புத் தோட்ட முதலாளி. பெண்ணை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1738இல் குடும்பம் தென் கரோலினா என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே அவர்களுக்கு மூன்று தோட்டங்கள். சார்ல்ஸ்டன் பட்டணத்துக்கு அருகில் வாப்பூ ஓடைக்கரையில் 600 ஏக்கர். காம்பாஹி ஆற்றங்கரையில் 1,500 ஏக்கர். வாக்காமா ஆற்றங்கரையில் நெல் விளையும் பூமி 3,000 ஏக்கர்.

1739இல் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம் மூண்டது. தகப்பனார் ஆன்டிகுவாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தாயார் நோயாளி. தங்கை சிறு பெண். ஆண் பிள்ளைகள் படிப்புக்காகத் தூர தேசத்தில். ஆகவே மூன்று தோட்டங்களின் பொறுப்பும் எலைசாவின் தலையில் விழுந்தது. கணக்கு எழுதினாள். கங்காணிகளுக்கு உத்தரவு போட்டாள். வியாபாரிகளோடு கடிதப் போக்குவரத்து நடத்தினாள். அனுப்பிய கடிதங்களை எல்லாம் ஒரு நோட்டில் நகல் எடுத்து வைத்தாள். அந்தக் கடித நோட்டு இன்றைக்கும் இருக்கிறது. அவளைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அதிலிருந்து கிடைத்ததுதான்.

புத்திசாலிப் பெண் என்பதில் சந்தேகமே வேண்டாம். சட்டப் புத்தகத்தைத் தானே படித்து, அக்கம்பக்கத்து ஏழை வெள்ளையர்களுக்கு உயில் எழுதிக் கொடுத்தாள். கப்பல் கட்டும் மரத்துக்கு எதிர்காலத்தில் கிராக்கி வரும் என்று கணக்குப் போட்டு ஓக் மரங்கள் நட்டாள். தகப்பனார் இரண்டு பணக்கார மாப்பிள்ளைகளைச் சொன்னபோது, இரண்டு பேரும் வேண்டாம் என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகப் பதில் எழுதினாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படி எழுதியது சாதாரண காரியமல்ல.

ஒரு நாள் பொழுது

தன்னுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று சிநேகிதி ஒருத்திக்கு அவள் கடிதம் எழுதியிருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு எழுவாள். ஏழு மணி வரை படிப்பாள். பிறகு தோட்டத்தையோ வயலையோ சுற்றிவிட்டு, வேலைக்காரர்கள் அவரவர் வேலையில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து காலை உணவு. அடுத்து ஒரு மணி நேரம் சங்கீதம். அப்புறம் பிரெஞ்சு பாஷையோ சுருக்கெழுத்தோ. அப்புறம் தங்கைக்கும் இரண்டு கருப்புச் சிறுமிகளுக்கும் வாசிக்கக் கற்றுக் கொடுப்பது. மத்தியானம் மறுபடியும் சங்கீதம், தையல். விளக்கு வைத்த பிறகு படிப்பு, எழுத்து.

தோழர்களே, இந்தக் கால அட்டவணையைக் கவனமாகப் பாருங்கள். இதில் எது இல்லை? அடுப்பு மூட்டுவது இல்லை. தண்ணீர் எடுப்பது இல்லை. துணி துவைப்பது இல்லை. நெல் குத்துவது இல்லை. நோயாளித் தாயாரின் படுக்கையைச் சுத்தம் செய்வதும் இல்லை. இந்த வேலைகள் எல்லாம் அந்த வீட்டில் நடக்காமல் இல்லை. நடந்தன. செய்தவர்கள் வேறு பெண்கள். அவர்களுடைய கால அட்டவணையை எழுத ஒரு நோட்டும் கிடையாது.

ஆனால் சட்டம் அவர்களுடைய நாளையும் ஒரு விதத்தில் எழுதி வைத்திருக்கிறது. தென் கரோலினாவின் 1740ஆம் ஆண்டு அடிமைச் சட்டம், மார்ச் 25 முதல் செப்டம்பர் 25 வரை அடிமைகளை ஒரு நாளில் 15 மணி நேரத்துக்கு மேலும், மற்ற மாதங்களில் 14 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்று சொல்கிறது. இதை இரக்கம் என்று சிலர் சொல்வார்கள். பதினைந்து மணி நேரம் என்பதே இரக்கமான எல்லை என்றால், அதற்கு முன்னால் நடந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

எலைசாவின் ஐந்து மணி முதல் ஏழு மணி வரையிலான படிப்பு அந்தப் பதினைந்து மணி நேரத்திலிருந்து வந்தது. அவளுடைய சங்கீதமும் பிரெஞ்சும் அதிலிருந்துதான் வந்தன.

நீலம் எப்படி உண்டாயிற்று?

இப்போது அந்தப் புதிய தொழிலுக்கு வருவோம். அதுதான் அவுரி. அவுரி நமக்குப் புதிதல்ல. நம் ஊர் வைத்தியத்திலும் சாயத்திலும் பழகிய செடி. ஐரோப்பியர் அந்தச் சாயத்துக்கு வைத்த இண்டிகோ என்ற பெயரே இந்தியா என்ற பெயரிலிருந்து வந்ததுதான்.

தகப்பனார் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பலவகை விதைகளை அனுப்பினார். அவற்றில் அவுரி விதையும் இருந்தது. எலைசா விதைத்தாள். முதல் பயிரைப் பனி கொன்றது. விடவில்லை, மறுபடியும் விதைத்தாள். சாயம் எடுக்கத் தெரிந்த நிக்கலஸ் கிராம்வெல் என்ற வெள்ளைக்காரரை மான்ட்செராட் தீவிலிருந்து கூலிக்கு வரவழைத்தார்கள். இங்கே தொழில் தழைத்துவிட்டால் தன் சொந்தத் தீவின் வியாபாரம் படுத்துவிடும் என்று அந்த மனிதர் பயந்தார். வேண்டுமென்றே சுண்ணாம்புத் தண்ணீரை அதிகமாகக் கொட்டிச் சாயத்தைக் கெடுத்தார். எலைசா பக்கத்திலிருந்து கவனித்துக் கண்டுபிடித்து அவரை நீக்கினாள். 1744இல் நல்ல விளைச்சல். விதையை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாள். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 5,000 ராத்தலாக இருந்த நீல ஏற்றுமதி, இரண்டே வருஷத்தில் 1,30,000 ராத்தலுக்கு மேல் போயிற்று. 1775 வாக்கில் 10 லட்சம் ராத்தலைத் தாண்டியது. அரிசிக்கு அடுத்தபடி அந்தக் குடியேற்றத்தின் பெரிய ஏற்றுமதி நீலம்தான்.

பாடப் புத்தகங்கள் இந்த இடத்தோடு நிறுத்திக் கொள்ளும். நாம் இன்னும் மூன்று கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி: ஏன் அந்தச் சமயத்தில்? அவுரியை எலைசாவுக்கு முன்பே அந்த மண்ணில் போட்டுப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். 1740களில் யுத்தத்தால் கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் ஏறின. அரிசி கனமான சரக்கு, விலை மலிவு. அதை ஏற்றி அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை. நீலக்கட்டியோ சிறிய சரக்கு, பெரிய விலை. பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த நீலத்தையும் யுத்தம் தடுத்தது. இங்கிலாந்தின் துணி ஆலைகள் சாயத்துக்குத் தவித்தன. 1748இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ராத்தலுக்கு ஆறு பென்ஸ் மானியம் கொடுத்தது. ஆக, ஒரு பெண்ணின் சாமர்த்தியம் மட்டும் இதைச் செய்யவில்லை. மார்க்கெட்டும் யுத்தமும் சேர்ந்து செய்தன.

இரண்டாவது கேள்வி: எந்த வேலை நேரத்தில்? அரிசி தாழ்ந்த நிலத்துப் பயிர். அவுரி மேட்டு நிலத்துப் பயிர். இரண்டுக்கும் வேலை மும்முரமான காலங்கள் ஒன்றோடொன்று மோதுவது குறைவு. முதலாளிக்கு இது கொண்டாட்டம். அதே ஆட்களை வைத்து இரண்டு பயிர் எடுக்கலாம். அடிமைகளுக்கு இதன் அர்த்தம் வேறு. அரிசி வயலில் கொஞ்சம் மூச்சுவிடக் கிடைத்த நாட்களும் போயின.

மூன்றாவது கேள்வி: யாருடைய கைகளால்? அவுரிச் செடியை அறுத்தவுடன் தொட்டியில் போட்டு ஊற வைக்க வேண்டும். புளித்துப் பொங்கும். சரியான சமயம் பார்த்து அந்தத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு இறக்க வேண்டும். அங்கே துடுப்புகளால் மணிக்கணக்கில் ஓயாமல் அடித்துக் கலக்க வேண்டும். காற்றுப் பட்டு நீலம் திரளும். சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுப் படிய வைத்து, வண்டலைப் பையில் கட்டி வடித்து, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு மணி நேரம் முந்தினாலும் பிந்தினாலும் சரக்குக் கெட்டுப் போகும். அழுகிய தழையின் நாற்றம் சகிக்காது. ஈக்கள் கூட்டம் கூட்டமாக மொய்க்கும். அதனால்தான் தொட்டிகளை வீட்டிலிருந்து தள்ளிக் கட்டினார்கள். துரைசாணியின் மூக்குக்கு அது எட்டாது. தொட்டியருகே நின்றவர்களுக்குத் தள்ளி நிற்க வழியில்லை.

இந்த வேலையின் பக்குவம் தெரிந்த ஆப்பிரிக்கர் ஒருவரைப் பிரெஞ்சுத் தீவிலிருந்து விலைக்கு வாங்கி எலைசாவின் தகப்பனார் அனுப்பி வைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் நீலச் சாயத் தொழில் வெகு காலமாக உண்டு. நெல் சாகுபடியும் அப்படித்தான். ஆகவே கப்பலில் விலங்கு போட்டுக் கொண்டு வந்தது வெறும் உடல் பலத்தை மட்டுமல்ல, தோழர்களே. அறிவையும் சேர்த்துத்தான் கொண்டு வந்தார்கள். வாப்பூவில் குவாஷ் என்ற தச்சர் இருந்தார். மரவேலையில் கைதேர்ந்தவர். சாயத் தொட்டி வேலையிலும் அவருடைய பங்கு உண்டு. லாபம் பதிவானபோது பெயர் யாருடைய பக்கம் எழுதப்பட்டது? தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கவனித்தவள் பக்கம். தொட்டியில் வேலை செய்தவர்கள் சொத்துப் பட்டியலில் எழுதப்பட்டார்கள்.

ஸ்டோனோ ஆற்றங்கரையில்

அவர்கள் இதையெல்லாம் பொறுத்துக் கொண்டு கிடந்தார்களா? இல்லை. 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. வாப்பூவிலிருந்து ஒரு நாள் நடைத் தூரத்துக்குள், ஸ்டோனோ ஆற்றுப் பக்கம், ஜெம்மி என்பவரின் தலைமையில் சுமார் இருபது அடிமைகள் திரண்டார்கள். கடையை உடைத்துத் துப்பாக்கியும் மருந்தும் எடுத்தார்கள். கொடி பிடித்து, முரசு கொட்டி, சுதந்திரம் என்று முழங்கிக் கொண்டு தெற்கு நோக்கி நடந்தார்கள். தெற்கே ஸ்பெயினின் கையிலிருந்த ஃபுளோரிடா. தப்பி வரும் அடிமைகளுக்கு அங்கே விடுதலை உண்டென்று 1693இலேயே ஸ்பெயின் அரசன் அறிவித்திருந்தான். வழியில் மேலும் பலர் சேர்ந்தார்கள். வெள்ளையர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். மாலைக்குள் ஆயுதம் தாங்கிய தோட்டக்காரர்கள் வந்து சூழ்ந்தார்கள். சண்டையிலும் பின்னால் நடந்த வேட்டையிலும் கொல்லப்பட்ட கருப்பர்கள் அதைவிட அதிகம். பலருடைய தலைகளைக் கம்பத்தில் செருகிச் சாலையோரம் நட்டார்கள்.

அப்போது தென் கரோலினாவில் ஒரு வெள்ளையருக்கு ஏறக்குறைய இரண்டு கருப்பர்கள் என்ற கணக்கு. துரைமார்கள் நடுங்கினார்கள். அந்த நடுக்கத்தில் பிறந்ததுதான் நான் முன்பு சொன்ன 1740ஆம் ஆண்டுச் சட்டம். அடிமைகள் கூடக் கூடாது. முரசு கொட்டக் கூடாது. அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் 100 பவுன் அபராதம். அடிமையை வேண்டுமென்றே கொன்ற வெள்ளையனுக்கு 700 பவுன் அபராதம். ஆத்திரத்தில் கொன்றால் 350 பவுன். அடிமைகள் என்ன துணி உடுத்தலாம் என்பதற்கும் ஒரு பட்டியல். முரட்டுக் கம்பளி, முரட்டு லினன் முதலிய மலிவு ரகங்கள் அதில் உண்டு. நீல லினனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நீலத்தைக் காய்ச்சியவர்களுக்கு, அனுமதித்த உடுப்பிலும் நீலம்!

எலைசா சிறுமிகளுக்குப் பாடம் சொன்னாள் என்றேனே, அதையும் நேர்மையாகவே பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் எழுதுவதைத் தடுத்தது, வாசிப்பதைத் தடுக்கவில்லை. அந்த இரண்டு சிறுமிகளும் தேறினால், மற்றக் கருப்புக் குழந்தைகளுக்கு அவர்களை ஆசிரியைகளாக வைக்கலாம் என்று அவள் எண்ணினாள். நல்ல எண்ணம்தான். மறுக்கவில்லை. ஆனால் வேதத்தை வாசிக்கலாம், விண்ணப்பம் எழுதக் கூடாது. வாய் ஓதலாம், கை எழுதக் கூடாது என்பது என்ன கல்வி? அவள் கொடுத்தது துரைமார் சட்டம் போட்ட வேலிக்குள் இருந்த கல்வி. வேலியைத் தாண்டும் எண்ணம் அவளுக்கு வரவில்லை. அந்தச் சிறுமிகளின் பெயர்களைக்கூட அந்தக் கடிதத்தில் அவள் எழுதவில்லை.

தச்சர் குவாஷுக்கு நடந்ததையும் கேளுங்கள். 1743இல், ஃபுளோரிடாவுக்குத் தப்பியோடச் சதி செய்ததாகச் சிலரைப் பிடித்தார்கள். அதில் குவாஷும் ஒருவர். விசாரணைக்கு எலைசா நேரில் போயிருந்தாள். அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டதைக் கடிதத்தில் எழுதினாள். பின்னால் அவர் ஜான் வில்லியம்ஸ் என்று ஞானஸ்நானப் பெயர் பெற்று, 1750இல் விடுதலையும் அடைந்தார். ஒரு குவாஷ் விடுதலையானார். தொட்டியருகே நின்ற மற்றவர்கள்?

அவளுக்கும் ஒரு விலங்கு

இவ்வளவும் சொல்லிவிட்டு, எலைசாவுக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. அவளும் பெண்தான். மூன்று தோட்டங்களை நடத்தினாளே தவிர, ஒன்றுகூட அவளுடையதல்ல. எல்லாம் தகப்பனாருடையது. 1744இல், தன் வயதைப் போல இரண்டு மடங்கு வயதுள்ள சார்லஸ் பிங்க்னி என்ற வக்கீலை மணந்தாள். அவர் மனைவியை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆங்கிலச் சட்டப்படி கலியாணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது. தனி ஒப்பந்தம் கிடையாது. புருஷனுக்குள் அவள் மறைந்து போகிறாள். வாப்பூத் தோட்டம் கடனில் முழுகிக் கடன்காரர் கைக்குப் போயிற்று. தகப்பனார் 1747இல் பிரெஞ்சுக்காரரிடம் கைதியாகி இறந்தார்.

நான்கு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று சிசுவிலேயே இறந்தது. 1753இல் குடும்பம் இங்கிலாந்து போயிற்று. 1758இல் ஆண் பிள்ளைகள் இரண்டு பேரையும் அங்கே படிப்புக்கு விட்டுவிட்டுத் திரும்பினார்கள். திரும்பிய சில வாரங்களில் கணவர் மலேரியாவில் இறந்தார். முப்பத்தைந்து வயதில் விதவை. பிள்ளைகளோ கடலுக்கு அப்பால். மூத்தவன் திரும்பி வந்தது 1769இல். ஒரு தாயின் வேதனை அது. அந்த வேதனையை நாம் கேலி செய்ய மாட்டோம். விதவையான பிறகுதான் சட்டம் அவருக்குச் சொந்தக் கையெழுத்துக் கொடுத்தது. பல தோட்டங்களைத் திறமையாக நடத்தினார்.

ஆனால் தோழர்களே, பிள்ளையைப் பிரிவது இன்னதென்று அறிந்த அந்தத் தாய் வாழ்ந்த சார்ல்ஸ்டன் பட்டணத்தின் துறைமுகம் எப்படிப்பட்டது? வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் சுமார் 40 சதவிகிதம் பேர் இறக்கப்பட்ட துறைமுகம் அது. அந்தத் துறையில் பிள்ளை ஒரு ஏலத்துக்கும் தாய் ஒரு ஏலத்துக்கும் போனார்கள். எலைசாவின் பிள்ளைகள் படித்துத் திரும்பி வருவார்கள். இவர்களுடைய பிள்ளைகள் திரும்பி வர மாட்டார்கள். ஒரே துக்கம் என்று இரண்டையும் ஒரு தராசில் வைக்க முடியுமா?

சுதந்திரம் பேசிய பிள்ளைகள்

அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இரண்டு பேரும் பிரிட்டிஷ் மன்னனை எதிர்த்து அமெரிக்கச் சுதந்திர யுத்தத்தில் போராடினார்கள். நல்லது. அதே யுத்தத்தில் தென் கரோலினாவின் அடிமைகள் ஆயிரக்கணக்கில் தோட்டங்களை விட்டு ஆங்கிலப் படை முகாம்களுக்கு ஓடினார்கள். அவர்களுக்கும் சுதந்திரம்தான் வேண்டியிருந்தது. முதலாளிகளோ அதைச் சொத்து நஷ்டம் என்று கணக்கெழுதினார்கள்.

1787இல் அமெரிக்க அரசியல் சட்டம் எழுதக் கூடினார்கள். மூத்த மகன் சார்லஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி தென் கரோலினாவின் பிரதிநிதி. அடிமைகள் இல்லாமல் தங்கள் மாகாணம் பிழைக்க முடியாது என்று வாதாடினார். அடிமை இறக்குமதியை 1800 வரை தடை செய்யக் கூடாது என்றிருந்த யோசனையை 1808 வரை நீட்டும்படி பிரேரணை கொண்டு வந்தவர் அவரே. பிரேரணை நிறைவேறியது. தாய் நடத்திய தோட்டத்தின் நியாயத்தை மகன் அரசியல் சட்டத்தில் ஏற்றினார்.

1793இல் எலைசா அம்மாள் பிலடெல்ஃபியாவில் புற்றுநோயால் காலமானார். ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தாமே கேட்டுக் கொண்டு சவப்பெட்டிக்குத் துணையாக வந்தார். அவரும் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிதான். 1989இல் தென் கரோலினாவின் வியாபாரப் பிரமுகர்களின் கௌரவ வரிசையில் எலைசாவின் பெயரைச் சேர்த்தார்கள். அந்த வரிசையில் இடம் பெற்ற முதல் பெண் அவரே. முதலாளி வர்க்கம் தன் முன்னோடியைச் சரியாகவே அடையாளம் கண்டது.

நீலம் நம் நாட்டுக்கு வந்த கதை

கதை அங்கே முடியவில்லை. அமெரிக்கா கையை விட்டுப் போனதும் பிரிட்டிஷ் மானியமும் போயிற்று. கரோலினா நீலம் படுத்தது. தோட்டக்காரர்கள் பருத்திக்கு மாறினார்கள். எலைசா இறந்த அதே 1793இல்தான் பருத்தி கடையும் யந்திரம் வந்தது. அடிமை முறை இன்னும் எழுபது வருஷம் கொழுத்தது. 1865இல், பெரிய உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகுதான் ஒழிந்தது.

இங்கிலாந்தின் ஆலைகளுக்கு நீலம் வேண்டுமே! கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்துப் பக்கம் திரும்பியது. அங்கே அவுரிக்கு அடிமைகளை வாங்கவில்லை; அதற்குப் பதில் முன்பணம் இருந்தது. குடியானவன் கையில் கொஞ்சம் முன்பணம் திணித்து, நெல் போட வேண்டிய நிலத்தில் அவுரி போட வைத்தார்கள். கடன் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது. மறுத்தவனுக்குச் சவுக்கு. 1859இல் வங்க விவசாயிகள் இனி அவுரி விதைக்க மாட்டோம் என்று எழுந்தார்கள். தீனபந்து மித்ரா 1860இல் 'நீல் தர்பண்' நாடகம் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் பாதிரியாரை 1861இல் சிறையில் போட்டார்கள். பிறகு 1917இல் பீகாரின் சம்பாரண். இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டா அவுரிக்கு என்ற தீன்கட்டியாக் கொடுமையை எதிர்த்து விவசாயிகள் நின்றார்கள். காந்தியடிகள் அங்கே போனார். நம் சென்னை மாகாணத்திலும் தென் ஆற்காடு, கடப்பை ஜில்லாக்களில் விளைந்த அவுரி கப்பலேறியது.

வாப்பூவில் தொட்டியருகே நின்ற ஆப்பிரிக்கனும், வங்காளத்தில் தொட்டியருகே நின்ற குடியானவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆலைக்குச் சாயம் காய்ச்சினார்கள்.

நம் பதில்

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். எலைசா பிங்க்னியின் பெயரை நம் பட்டியலில் எழுதலாமா?

என் யோசனை: முன்னோடிகள் பட்டியலில் வேண்டாம். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவர் வாழ்ந்த வர்க்கத்தில் அவர் நல்லவர்களில் ஒருவர்தான். நல்லவர் ஒருவரால் அந்த முறையில் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதைத்தான் அவர் வாழ்க்கை காட்டுகிறது. அவர் ஏறிய படி வேறு பெண்களின் முதுகு. அப்படி ஏறுவதைப் பெண் விடுதலை என்று நாம் சொல்ல ஆரம்பித்தால், மேலே ஏறியவளை மட்டும் பார்ப்போம். குனிந்து நின்றவளைப் பார்க்க மாட்டோம். ஆனால் அவருடைய கதையை மறைக்கவும் வேண்டாம். படிப்பு வட்டத்தில் முழுக் கதையாகச் சொல்லுவோம்: துரைசாணியோடு குவாஷையும், ஜெம்மியையும், பெயர் எழுதப்படாத அந்த இரண்டு சிறுமிகளையும் சேர்த்துச் சொல்லுவோம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். இந்த உரைக்காக ஒரு வாரம் விடியற்காலையில் எழுந்து படித்தேன். ஐந்து முதல் ஏழு வரை, எலைசாவைப் போலவே! அந்த நேரத்தில் என் வீட்டு வாசலைத் தெளித்து, பாத்திரம் துலக்கி, அடுப்பு வேலையைப் பார்த்தவர் ஒரு அம்மா. அவர் கூலி வாங்குகிறார், அடிமையல்ல, வேண்டாமென்றால் போய்விடலாம். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் நேற்று அவரிடம், "நாளைக்குக் கூட்டத்துக்கு வாருங்களேன்" என்றேன். "மத்தியானம் மூணு மணிக்கா? அப்ப நான் இன்னும் ரெண்டு வீட்டுல வேலையில இருப்பேனே, டீச்சரம்மா" என்றார்.

இத்தனை வருஷமாக நம் கூட்டம் மூன்று மணிக்குத்தான் நடக்கிறது. யாருக்குச் சௌகரியமான நேரம் அது? நமக்கு. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அந்த நேரத்தில் வர முடியாது என்று நாம் யாரும் யோசிக்கவில்லை. உழைக்கும் பெண்களைப் பற்றிப் பேச, உழைக்கும் பெண்கள் வர முடியாத நேரத்தில் கூடியிருக்கிறோம்!

ஆகவே பட்டியலை முடிவு செய்யுமுன் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு நடக்கட்டும். நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணை அழைத்து வருவோம். சுவரில் யார் பெயரை எழுதுவது என்பதை அவர்களும் உட்கார்ந்து சொல்லட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு அன்றே முதல் எழுத்தைப் பிடித்து எழுத வைப்போம். வாசிக்க மட்டுமல்ல, எழுதவும்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள், தோழர்களே.